நீலம் முதலில் போனது

எங்கள் ஊரில் நீலம் போன நாளில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் எழுந்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் மழை மூடாக்கு என்று நினைத்துக் காயப்போட்ட வடகத்தை எடுத்து உள்ளே வைத்தார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் சாம்பலாகிப் போன பாவாடையைப் பார்த்து அம்மா சோப்பை மாற்றிவிட்டாள் என்று சிணுங்கினார்கள், அச்சகத்தில் நீல மை டப்பாவைத் திறந்த காளிராஜன் உள்ளே கிடந்த ஈயக் குழம்பைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு மை கெட்டுவிட்டது என்று ஓரமாக ஒதுக்கி வைத்தான். பாலத்தைத் தாண்டி வந்த பால் வேன்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். "என்ன அண்ணாச்சி, பாலத்துக்கு அந்தப் பக்கம் வானம் நல்லாத்தான இருக்கு, ஒங்க ஊருக்கு மேல மட்டும் வெளுத்துக் கெடக்கு?" என்று அவர் கேட்டதும் காளிராஜன் மெஷினை நிறுத்திவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மனைவியிடம், "சொர்ணா, நேத்து ராத்திரி எந்தக் கண்ணாடி போட்டு எடுத்த?" என்று கேட்டான்.

"நீலம்" என்றாள் அவள். "ஏன் கேக்குறீங்க?"

கேமராவில் இருந்து சொன்னால்தான் இது புரியும். குமிழங்குளம் காலண்டர் ஊர். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் முருகன் எங்கள் ஊரில் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவராகத்தான் இருப்பார். நான் அதே அச்சகத்தில் காலண்டர் தலைக்குத் தகரம் அடிக்கிறவள், அதனால் தெய்வங்களின் உச்சந்தலை எனக்கு நன்றாகப் பழக்கம். காளிராஜன் எங்கள் மெஷின்மேன். ஒரு படத்தின் நிறங்கள் தனித்தனி பிளேட்டாக வரும், ஒவ்வொரு பிளேட்டும் பார்க்கக் கறுப்பு வெள்ளைதான், அவற்றை ஒன்றின்மேல் ஒன்று இம்மி விலகாமல் உட்கார வைத்தால்தான் அம்மனுக்கு முகம் வரும், விலகினால் அம்மனின் உதடு தாடையில் போய் நிற்கும். அந்தப் பொருத்தம் பார்ப்பதில் காளிராஜன் பேர் வாங்கியவன். அவன் மனைவி சொர்ணகாந்தி எங்கள் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர், பள்ளி மொட்டை மாடியில் இருக்கும் தொலைநோக்கி அவள் பொறுப்பு.

அந்தத் தொலைநோக்கிக்கு ஒரு கேமரா வாங்கித் தர முன்னாள் மாணவர் சங்கம் முடிவு செய்தபோது, கோயம்புத்தூர் வியாபாரி இரண்டு கேமராக்களை அனுப்பி, இரண்டையும் போட்டுப் பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடுங்கள் என்றார். ஒன்று கலர், இன்னொன்று கறுப்பு வெள்ளை. சொர்ணகாந்தி சங்கக் கூட்டத்தில் விளக்கினாள். கலர்க் கேமராவின் கண்ணில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பொடிப் பொடி வடிகட்டிகள் ஒட்டியிருக்கும், ஒரே எடுப்பில் படம் கலராக வந்துவிடும், பிள்ளைகளுக்குச் சுலபம், ஆனால் ஒவ்வொரு பொடியும் தன் நிறத்தை மட்டும் உள்ளே விட்டு மற்றதை வாசலோடு அனுப்பிவிடும், அவ்வளவு தூரத்தில் இருந்து வந்த வெளிச்சத்தில் பாதிக்கு மேல் வீணாகும். கறுப்பு வெள்ளை அப்படி இல்லை, வருகிற எதையும் திருப்பி அனுப்பாது, மங்கலிலும் மங்கலானது அதற்குத் தெரியும், ஆனால் நிறம் வேண்டுமென்றால் முன்னால் நீலக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, பச்சை போட்டு ஒரு தடவை, சிவப்பு போட்டு ஒரு தடவை என்று தனித்தனியாக எடுத்துப் பிறகு அடுக்க வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அச்சக முதலாளியும் சங்கத் தலைவருமான அருணாசலக்கனி அண்ணாச்சி. "நிறத்தப் பிரிச்சு அடுக்குறது நம்ம தொழிலு. கறுப்ப வாங்கிப் போடுங்க டீச்சர், அடுக்கித் தரக் காளிராஜன் இருக்கான்." ஊரே தலையாட்டியது. எங்கள் ஊரில் எதையும் பிரித்து அடுக்காமல் நம்ப மாட்டோம்.

ஆனாலும் முறைப்படி முதலில் கலரைப் போட்டுப் பார்த்தார்கள். இருட்டியதும் தலைக்கு மேலே நின்ற கார்த்திகைக் கூட்டத்தை எடுத்தார்கள், ஆறு நட்சத்திரங்களும் நீலப் பனி போர்த்திக்கொண்டு வந்தன, மாடியில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் கறுப்பு வெள்ளையை மாட்டி, கண்ணாடி எதுவும் போடாமல் சும்மா ஒரு படம் எடுத்தார்கள். அதில் பனி இன்னும் அடர்த்தியாக, இழை இழையாக வந்தது, அந்த இழைகளுக்குக் கீழே ஒரு பெண்பிள்ளை ஒற்றைக் காலில் நின்று மற்றக் கால் பாதத்தால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

அது யார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சொர்ணகாந்தி காளிராஜன் தம்பதியின் மகள் நித்திலா பெருமழை வருஷத்தில் காய்ச்சலில் போனாள். பதினொரு வயது. கொசுக்கடி பொறுக்காத பிள்ளை, எங்கே நின்றாலும் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று சொறிந்துகொண்டே பேசும், ஓரிடத்தில் நிலையாக நின்று நான் பார்த்ததில்லை. ஊருக்கு மேற்கே இருக்கும் கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் புதைத்துவிட்டு வந்தோம். அவர்கள் வீட்டு வாசல் நிலையில் வருஷா வருஷம் அவள் உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள், அந்தக் கோடுகளுக்காகவே அந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்கள் நிலையைத் தொடாமல் விட்டார்கள்.

காளிராஜன் திரைக்கு அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தான். "முகம் தெரியலையே சொர்ணா" என்றான்.

"கண்ணாடி போட்டு எடுத்தாத் தெரியும்" என்றாள் சொர்ணகாந்தி. அவள் குரலில் நடுக்கம் இல்லை. வகுப்பில் பரிசோதனை செய்து காட்டும்போது எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசினாள்.

கூட்டம் உச்சியில் இருக்கும்போதே நீலத்தை எடுத்துவிட வேண்டும், கீழே சாயச் சாய நீலம் காற்றில் கரைந்துவிடும் என்பதால் முதலில் நீலக் கண்ணாடி போட்டாள். அப்படித்தான் நீலம் எங்கள் ஊரை விட்டு அந்தப் படத்துக்குள் போனது.

நீலம் இல்லாமல் ஒரு ஊர் நன்றாகவே நடக்கும். முதல் இரண்டு நாள் கிருஷ்ணர் காலண்டர்தான் தொந்தரவு கொடுத்தது, சாம்பல் பூசிக்கொண்டு சிவன் கோயிலுக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். ஊர் எல்லையைத் தாண்டினால் நிறம் இருந்தது என்பதால் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மேஜையைப் போட்டு, அச்சான தாளைச் சைக்கிளில் எடுத்துப் போய் அங்கே விரித்துப் பார்த்து, நீலம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று தெரிந்துகொண்டு திரும்பி வந்து மையைத் திருத்தினார்கள். மை டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டினோம். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, காலண்டர் எப்போதும்போல் கிருஷ்ணரைச் சுமந்துகொண்டு லாரி ஏறியது. யாராவது முணுமுணுத்தால் அருணாசலக்கனி அண்ணாச்சி, "நம்ம ஊர்ப் பிள்ளைக்குத்தானப்பா குடுத்திருக்கோம்" என்பார்.

அடுத்து பச்சை. எங்கள் கரிசல் காட்டில் பச்சை என்று பார்த்தால் சீமைக்கருவேலமும் கொஞ்சம் வேப்பமரமும் ஒற்றை ஆலமரமும்தான், போனால் போகட்டும் என்று நினைத்தோம். ஆனால் ஆலமரத்துக் கிளிகள் இலையோடு சேர்ந்து மறைந்துபோய் மரமே தொண்டை திறந்து கத்துவதாக இருந்தது, சாயங்காலம் அந்தப் பக்கம் போகப் பிள்ளைகள் பயந்தார்கள். காய்கறிக் கடை ராஜாத்தி மதினி கொத்தமல்லியையும் புதினாவையும் மோந்து பார்த்துப் பிரித்துப் போட்டாள், வாங்குகிறவர்களும் மோந்து பார்த்தே வாங்கினார்கள், கொஞ்ச நாளில் ஊர் முழுக்க மூக்கு கூர்மையாகிவிட்டது. நாங்கள் எதற்கும் பழகிவிடுவோம். பழகுவதில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு, அதை மறைப்பானேன்.

சிவப்புக்குத்தான் சங்கம் கூட வேண்டியிருந்தது. பங்குனிப் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது, மாரியம்மனுக்குச் செம்பட்டு, குங்குமம், அக்கினிச் சட்டி என்று எல்லாம் சிவப்பு. எங்கள் அச்சகத்தில் தை முதல் நாள் மெஷினுக்குச் சிவப்பு மையைத் தொட்டு வைத்துத்தான் வேலை தொடங்கும், எந்த வேலைக்கும் சிவப்பு பிளேட்டைத்தான் சுவரில் முதலில் மாட்டுவோம், மற்ற நிறங்கள் அதற்குப் பிறகுதான். சிவப்பைக் கொடுப்பது என்றால் வீட்டின் மூத்த பிள்ளையைக் கொடுப்பது போலத்தான்.

ராஜாத்தி மதினி எழுந்து நின்றாள். "டீச்சரம்மா, எம் மகளுக்குப் பங்குனியில கல்யாணம். கூறச் சேல வெளுத்துக் கெடந்தா எப்படி அதக் கட்டி அவ மணையில உக்காருவா? நெத்தியில வைக்கிறது குங்குமமா துந்நூறான்னு தெரியாம எப்படித் தாலி கட்டுறது? நீங்களே சொல்லுங்க."

சொர்ணகாந்தி அவளுக்கு நேராகத் திரும்பினாள். "ஒங்க மக முகத்த நீங்க நாளைக்குக் காலையிலயும் பாப்பீங்க மதினி" என்றாள். "நான் ஒரே ஒரு தடவ பாத்துக்கிறேன். பாத்துட்டு ஊருக்கு எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துர்றேன்."

 ராஜாத்தி மதினியே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துக்கிறட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

சிவப்பும் போன பிறகு ஊர் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு இப்போதும் கூசுகிறது. நிறம் இல்லாத இடத்தில் சத்தமும் குறைந்துபோகும் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெற்றிலை போட்டுத் துப்பினால் தார், விரலை வெட்டிக்கொண்டால் தார், அழுத பிள்ளையின் கண் வெறும் ஈரம். குங்குமத்தைக் கோயிலில் சாம்பல் மாதிரி அள்ளிக் கொடுத்தார்கள், பெண்கள் வாங்கி நம்பிக்கையோடு வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் விட மோசம் வீட்டுக்குள் இருந்தது. சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த செத்தவர்களின் பழைய படங்களும் அவற்றுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடும் நாங்களும் ஒரே நிறம். என் மாமியார் படத்தின் கண்ணாடியில் என் முகம் விழுந்தபோது எது சட்டத்துக்கு உள்ளே, எது வெளியே என்று பிரித்துப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்றைக்கு இரண்டு வீட்டில் படங்களைத் திருப்பி மாட்டினார்கள். நான் மாட்டவில்லை, ஆனால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

காளிராஜன் மூன்று படங்களையும் அச்சகக் கம்ப்யூட்டரில் போட்டு அடுக்கினான். நட்சத்திரங்கள் எல்லாம் இம்மி விலகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. பிள்ளை மட்டும் உட்காரவில்லை. தோளைப் பிடித்து இழுத்தால் கால் விலகியது, காலைப் பிடித்தால் சடை விலகியது, ஒரே பிள்ளை மூன்று பிள்ளையாகக் கலைந்து நின்றாள். ஆயிரம் அம்மன்களைப் பொருத்திய கை அது, மத்தியானம் வரைக்கும் முயன்றுவிட்டு மேஜையில் ஊன்றி நின்றது.

"பிள்ள அசைஞ்சிருக்கு சொர்ணா" என்றான்.

"அவ எப்ப நின்னா?" என்றாள் சொர்ணகாந்தி. பிறகு, "அசையிற பிள்ளைக்குக் கலர் கேமராதான் சரி, மூணு நெறத்தையும் ஒரே நேரத்துல பிடிச்சிரும். ஆனா அதோட கண்ணுக்கு அவ தெரிய மாட்டா. இது கண்ணுக்குத் தெரியுறா, சேந்து வர மாட்டேங்குறா" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

காளிராஜன் மூன்றையும் தனித்தனித் தாளில் பெரிதாக அச்சடித்து, கை போன போக்கில் சுவரில் கிளிப் போட்டு மாட்டினான். முதலில் சிவப்பு, அடுத்து பச்சை, கடைசியாக நீலம். ஊர் முழுக்க வந்து வரிசையில் நின்று பார்த்தது. முதல் தாளில் நித்திலா எங்களை நேராகப் பார்த்துக்கொண்டு பெரிதாக நின்றாள், வாய் லேசாகத் திறந்திருந்தது, முன்பல்லில் இருந்த சின்ன உடைசல் கூடத் தெரிந்தது. இரண்டாவது தாளில் கொஞ்சம் சிறியவளாகப் பக்கவாட்டில் திரும்பியிருந்தாள். மூன்றாவதில் சின்னதாக, முதுகைக் காட்டிக்கொண்டு, இரட்டைச் சடை தெரிய தூரத்தில் இருந்தாள்.

அருணாசலக்கனி அண்ணாச்சி தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "வந்து ஆத்தாளுக்கும் அப்பனுக்கும் முகத்தக் காட்டிட்டுப் போவுது" என்றார். ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

சொர்ணகாந்தி முதல் தாளுக்கு முன்னால் நின்று ஆசை தீரப் பார்த்தாள், அந்த உடைந்த பல்லைத் தடவினாள், பிறகு மூன்றாவது தாளுக்கு வந்து அந்த முதுகைப் பார்த்தாள். "போறா" என்றாள். மகள் போவதை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவள், இரண்டாம் தடவையும் அதையே பார்த்தாள். காளிராஜன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அங்கேயே, எல்லோர் முன்னாலும், அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சிவப்பை அழித்தாள், பச்சையை அழித்தாள், கொஞ்சம் பொறுத்து நீலத்தையும் அழித்தாள். சுவரில் இருந்த தாள்களில் நட்சத்திரங்கள் மட்டும் மிச்சம் நின்றன, வெளியே தெருவில் ஹோவென்று ஒரு கூச்சல் எழுந்தது, ராஜாத்தி மதினியின் தக்காளிக் கூடை தீப்பிடித்தாற்போல் சிவந்து கிடந்தது. கறுப்பு வெள்ளைக் கேமராவைப் பெட்டியில் வைத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கலரையே வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷப் பங்குனிப் பொங்கல் மாதிரி நாங்கள் கொண்டாடியதே இல்லை. ராஜாத்தி மதினி மகளின் கூறைச் சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். வானத்தைப் பார்க்கவே ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள்.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த ஒரு காலை, ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, நாம் ஏன் டீச்சர் கலரை வைத்துக்கொண்டோம் என்று கேட்டது. சொர்ணகாந்தி கரும்பலகையில் மூன்று வட்டம் வரைந்தாள். கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு நிறமாக எடுக்க வேண்டும், எடுக்கிற பொருள் நடுவே நகர்ந்துவிட்டால் நிறங்கள் சேராது என்று விளக்கிக்கொண்டே, முதல் வட்டத்தில் சாக்பீஸை வைத்து, "முதல்ல நான் நீலம் எடுத்தேன். அப்ப அவ தூரத்துல, முதுகக் காட்டிக்கிட்டு நின்னா. அடுத்து பச்ச. அப்ப யாரோ கூப்பிட்டாப்ல திரும்பி" என்று சொன்னவள் அங்கேயே நின்றுவிட்டாள். சாக்பீஸ் இரண்டாவது வட்டத்தில் இருந்தது. மூன்றாவதற்குப் போகவில்லை. பிள்ளைகள் காத்திருந்து பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அவள் சாக்பீஸ் தூளோடு அச்சகத்துக்குள் ஓடி வந்தபோது நான் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "என்னங்க, அவ போகல. வந்துக்கிட்டிருந்தா. நாம தலகீழா மாட்டிட்டோம்."

காளிராஜன் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு அவன் கண் தானாகச் சுவருக்குப் போனது, அங்கே அன்றைய வேலையின் பிளேட்டுகள் வழக்கம்போல் சிவப்பில் தொடங்கி வரிசையாகத் தொங்கின. அவன் மெஷினை நிறுத்தினான். நீலம் முதலில் போனது எங்களுக்குத் தெரியாதா? வடகத்தை எடுத்து உள்ளே வைத்தவர்கள் நாங்கள்தானே, சிவப்புக்குக் கடைசியாகச் சங்கம் கூட்டியவர்களும் நாங்கள்தானே. இருந்தும் அந்தச் சுவரில் சிவப்பு முதலில் தொங்கியதால் சிவப்பில் இருந்து படித்தோம். எங்களுக்கு எங்கள் நிறம் திரும்ப வேண்டியிருந்தது, அதனால் பிள்ளை போகிறாள் என்பது எங்கள் எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. தூரத்தில் நின்ற பிள்ளை அம்மா கூப்பிடுவதைக் கேட்டுத் திரும்பி, பாதி தூரம் நடந்து வந்து, வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போகிற நேரத்தில் நாங்கள் அவளை அழித்துவிட்டோம். 

கோயம்புத்தூருக்குப் போன் போட்டார்கள். அந்தக் கேமராவை யாரோ வாங்கிப் போய்விட்டார்களாம், அடுத்தது வர மாதக்கணக்காகுமாம். அதற்குள் கார்த்திகைக் கூட்டம் நாளுக்கு நாள் மேற்கே சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. சொர்ணகாந்தி தினமும் இருட்டியதும் மாடியில் நின்று வெறும் கண்ணால் பார்த்தாள். சித்திரை தொடங்கியபோது அது கரட்டின் உச்சியைத் தொட்டது, அதற்கடுத்த நாட்களில் கரட்டுக்குப் பின்னால் இறங்கி மறைந்தது.

அது மறைந்த மறுநாள் கரட்டு உச்சிப் பாறையில் பெயின்டால் எழுதியிருந்த விளம்பரத்தில் ஒரே ஓர் எழுத்துக்கு மட்டும் நிறம் போயிருந்தது.

மாடு மேய்க்கப் போனவர்தான் வந்து சொன்னார். மழையில் கரைந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அடிவாரத்து வேப்பமரத்தில் கைக்கு எட்டும் ஒரு கொப்பு மட்டும் வெளுத்திருந்தது. பிறகு கண்மாய்க் கரையில் காய்ந்த ஒரு பாவாடை. பிறகு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரில் விரல் இழுத்துக்கொண்டே நடந்தாற்போல் நீளமாக ஒரு சாம்பல் கோடு. ஊர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டோம், ஆனால் அழைத்துக்கொள்ளும் முன்பு வளையலோ ரிப்பனோ ஒரு பழமோ ஜன்னல் திண்டில் வைத்தோம். கண் கூசாமல் நடந்து வரட்டும் என்று தெருவிளக்கை அணைக்கச் சொன்னார் அருணாசலக்கனி அண்ணாச்சி. ஒரு காலையில் ராஜாத்தி மதினி கடையைத் திறந்தபோது தக்காளிக் குவியலில் ஒன்றே ஒன்று நிறமிழந்து கிடந்தது. அவள் அதை எடுத்து ஒரு வாழையிலைத் துண்டில் தனியாக வைத்தாள். "வழியில பசிச்சிருக்கும்" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள்.

தக்காளிக் கடையில் இருந்து சொர்ணகாந்தி வீடு ஒரு தெருத் திருப்பம்தான். அன்றைக்குக் காளிராஜன் நல்ல நீல வண்ணம் வாங்கி வந்து வாசல் கதவுக்கு அடித்தான், நிலையில் இருந்த பென்சில் கோடுகளைத் தொடாமல் அடித்தான். முதலில் எடுத்த நிறத்தை முதலில் திருப்பித் தர வேண்டும் என்றான். இருவரும் கதவைத் தாழிடாமல், முன்னறையிலேயே பாய் விரித்து விழித்திருந்தார்கள். பல நாள் சரியாகத் தூங்காதவர்கள்.

விடிந்ததும் நான்தான் முதலில் போனேன். காளிராஜன் வாசலில் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவு பாதி திறந்திருந்தது. புது நீலத்தில் ஒரு சின்ன உள்ளங்கையும் ஐந்து விரலும் சாம்பலாகப் பதிந்திருந்தன, தள்ளித் திறக்கும்போது வைக்கிற கை. அவன் நிலையின் கடைசிப் பென்சில் கோட்டைப் பார்த்தான், அந்தக் கையைப் பார்த்தான், மறுபடி கோட்டைப் பார்த்தான். கை கோட்டுக்கு மேலே இருந்தது.

"வளந்துட்டா" என்றான்.

சத்தம் கேட்டுச் சொர்ணகாந்தி பாயில் இருந்து எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "என்ன பாக்குறீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். நாங்கள் கதவைக் காட்டவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுடைய இடது கன்னத்தில் நான்கு விரல் தொட்ட இடம் நிறமில்லாமல் இருந்தது. எங்கள் பார்வையைப் பின்பற்றி அவள் கையைக் கொண்டுபோய்க் கன்னத்தில் வைத்தாள், பிறகு திரும்பிக் கதவைப் பார்த்தாள், கதவில் இருந்த கையைப் பார்த்தாள், தெருவை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"எழுப்பியிருக்கலாம்ல" என்றாள், யாரிடமோ கோபித்துக்கொள்வது போல. "இம்புட்டுத் தூரம் நடந்து வந்தவ, ஒரு வார்த்த எழுப்பியிருக்கலாம்ல."

அந்தக் கன்னத்தில் நிறம் பிறகு திரும்பவில்லை, அவளும் பவுடர் போட்டு மறைப்பதில்லை. அன்று காலை காளிராஜன் உள்ளே போய், நிலைக்கு மேலே பல வருஷமாகச் செருகியிருந்த பென்சிலை எடுத்து வந்து, கதவில் இருந்த கையோடு தன் கையை வைத்துப் பார்த்து, கை இங்கே என்றால் தலை இங்கே இருக்கும் என்று கண்ணாலேயே அளந்து, நிலையில் ஒரு கோடு போட்டான். பழைய கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் நடுவே ஒரு ஜாண் இருந்தது.